ரூம் அப்பா

கடைசிப் பயணத்தின் பெட்டியை அவன் அன்று மாலை காலி செய்தான். அழுக்குத் துணிகளை வாஷிங் மெஷினில் திணித்தான். சவர சாமான்களைக் குளியலறை அலமாரியில் வைத்தான். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

"இன்னும் உள்ளே தள்ளுங்க. அது தலையை நீட்டினாலே நீங்க மறுபடி கிளம்பிடுவீங்கன்னு தோணுது" என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மெஷின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவன் வேலை. பிறந்த நாட்டை விட்டுக் குடும்பத்தோடு இந்த நகரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த வருடம் முழுக்க அவன் விமானத்திலும் விடுதிகளிலும்தான் குடியிருந்தான். மகளிடம் பேசியதெல்லாம் போனில். வீட்டுக்கு வரும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் கண் விழிக்கும் முன் வாசலில் டாக்சி நிற்கும். கெஞ்சிக் கூத்தாடி இப்போதுதான் அலுவலகத்திலேயே ஓர் இடம் வாங்கியிருந்தான். இனி தினமும் வீடு. இனி மகளுக்கு அப்பா. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

மகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குட்டி, அப்பாகிட்ட வா."

"நீங்க போன் அப்பா" என்றாள் அவள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்போ நிஜ அப்பா யாராம்?"

அவள் கூடத்தின் கோடியைக் காட்டினாள். அவனுடைய மேஜையும் நாற்காலியும் இருக்கும் சின்ன அறை. கதவு சாத்தியிருந்தது.

"ரூம் அப்பா."

மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். அவன் பின்னாலேயே போனான்.

"திட்டாதீங்க" என்றாள் அவள், பாத்திரத்தைத் தேய்த்தபடியே. "வந்த புதுசுல அப்பா எங்கே, அப்பா எங்கேன்னு ஒரே அழுகை. இந்த ஊர்ல எனக்கும் யார் இருக்கா? ஒரு நாள் அந்த ரூம் லைட்டைப் போட்டு, கதவைச் சாத்தி, அப்பா உள்ளே வேலை பார்க்கிறார், தொந்தரவு பண்ணாதேன்னு சொன்னேன். அழுகை நின்னுடுச்சு. அப்புறம் தினமும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டேன்."

"அடிப்பாவி! எனக்கே தெரியாம என்னை ஓவர்டைம் பார்க்க வச்சிருக்கியே!"

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவன் அந்த அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாற்காலி சூடாக இருந்தது.

அப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு. மூடிய அறைக்கு உரிய புழுக்கம் அங்கே இல்லை. ஒரு மனிதன் நாள் முழுக்க மூச்சு விட்ட வாசம் இருந்தது. வியர்வையும் சட்டைக் காலரும் கலந்த வாசம். அது யாருடைய வாசம் என்று அவனுக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று.

அவனுடையதுதான்.

மகளுக்காக அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். குரங்கு சேஷ்டை செய்தான். யானையாகி முதுகில் ஏற்றிக்கொள்ளக் குனிந்தான். அவள் மரியாதையாக, விருந்தாளியிடம் பேசுவதுபோல், "வேண்டாம்" என்பாள். பிறகு ஓடிப்போய் அந்தக் கதவோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடக் கதை முழுவதையும் கதவிடம் சொல்வாள். நடுநடுவே நிறுத்துவாள். தலையாட்டுவாள்.

பதில் கேட்பவள்போல.

ஒருநாள் அவன் மனைவியின் தோளைப் பிடித்துத் திருப்பினான். "உண்மையைச் சொல்லு. உனக்கும் கேட்டிருக்கா?"

அவள் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போன்ல 'ம்' சொல்வீங்களே, நான் என்ன சொன்னாலும்... அதே மாதிரி ஒரு 'ம்'. முதல்ல பயந்தேன். அப்புறம் நானும் அங்கே போய் உட்கார ஆரம்பிச்சேன்." அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "நீங்க அவசரத்துல 'ம்' சொல்வீங்க. அது அவசரப்படாது. எனக்கு அது போதுமா இருந்துச்சுங்க."

அவனால் கோபப்பட முடியவில்லை. அழவும் முடியவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து வந்து கதவின் கீல்களைக் கழற்றத் தொடங்கினான். கதவு இருந்தால்தானே அதன் பின்னால் யாராவது இருக்க முடியும்?

கழற்றிய கதவைத் திருப்பிச் சுவரில் சாய்த்தான். உட்புறத்து வெள்ளை வண்ணத்தில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகள். அவற்றுக்கு நடுவே, சற்று மேலே, ஒரு நெற்றி. யாரோ நெடுநாள் கதவில் கையூன்றி, நெற்றியைச் சாய்த்து, வெளியே பேசுவதைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்த அடையாளம்.

அவன் தன் கையை அதன்மேல் வைத்தான்.

விரலுக்கு விரல் பொருந்தியது.

"இப்போ அவர் எங்கே இருப்பார்?" என்று மகள் தேம்பினாள்.

"எங்கேயும் இல்லைம்மா. நான்தான் உன் அப்பா."

ஆனால் அந்த வீட்டில் வேறு கதவுகள் இருந்தன. குளியலறைக் கதவைச் சாத்தினால் உள்ளே பெருமூச்சு. துணி அலமாரியைச் சாத்தினால் உள்ளே துணி உரசும் சத்தம். மனைவி எல்லாவற்றையும் திறந்தே வைக்கப் பழகினாள். சமையலறை அலமாரிகள்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. "பிரிட்ஜை மட்டும் என்னங்க செய்யறது?" என்று கேட்டுவிட்டு, சிரிக்க முயன்று, அவன் மார்பில் முகம் புதைத்து அழுதாள்.

வீட்டைக் காலி செய்வதென்று அவன் முடிவெடுத்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடம் ஒன்றில் வீடு கிடைத்தது. லாரி சாமான்களை ஏற்றிக்கொண்டு போன காலையில், கதவில்லாத அந்த அறையின் நடுவில் அவன் தனியாக நின்றான். ஜன்னல் வழியே நல்ல வெயில்.

"தப்பு என்னுதுதான்" என்றான் வெற்றுச் சுவரைப் பார்த்து. "நான் இல்லாதப்போ நீதான் அவங்களைப் பார்த்துக்கிட்டே. உன் காலில் வேணும்னாலும் விழறேன். என் பிள்ளையை எனக்குக் குடுத்துடு."

அறை அமைதியாக இருந்தது.

அவன் கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது.

"அப்பா, போலாமா?"

முதல்முறையாக. போன் இல்லாத, வெறும் அப்பா. அவன் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டு விசும்பினான். அவள் தன் சட்டை முனையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

தெருவில் மனைவி டாக்சியை நிறுத்த முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். மகள் அவன் கையைப் பிடித்தபடி துள்ளித் துள்ளி வந்தாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. ஒரு வருடமாகச் சுமந்ததை இறக்கி வைத்தவன்போல் நடந்தான்.

"தூக்குங்க! ரெண்டு பேரும் தூக்குங்க!"

"அம்மா முன்னாடி போயிட்டாளே, கண்ணு" என்றான் சிரித்துக்கொண்டே.

அவள் கலகலவென்று சிரித்து, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கினாள்.

அவளுடைய மற்றொரு கை அந்தரத்தில் நேராக நீண்டிருந்தது. அவள் சாயவில்லை, சரியவில்லை. முன்னும் பின்னுமாக, நிதானமாக ஆடினாள்.

அவன் கையில் பாதி எடைதான் இருந்தது.