லென்ஸுக்குப் பிடிபட்டது

படத்தில் மகள் மங்கலாக இருந்தாள். அவளுக்கு முன்னால் கிடந்த தரைவிரிப்பு மட்டும் நூல் நூலாகத் தெரிந்தது. லென்ஸ் கீழே விழுந்த பிறகு எடுத்த முதல் படம் அது.

"விழுந்த வேகத்துக்கு இதாவது எடுக்குதே, சந்தோஷப்படு" என்றான் கணவன், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே.

வீட்டின் முன்னறைதான் அவர்களுடைய ஸ்டுடியோ. குழந்தைகளைச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பது அவள் பாடு. அதைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது அவன் பாடு. லென்ஸை மாட்டும்போது 'கிளிக்' என்று கேட்கும்வரை திருக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. மத்தியானம் அவள் திருகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஐந்து வயது மகள் குளியலறையிலிருந்து "அம்மா" என்று ஒரு கத்து கத்தினாள். வாலு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! கிளிக் கேட்டதா இல்லையா என்று யோசிக்காமல் கேமராவைத் தூக்கினாள். கேமரா கையோடு வந்தது. லென்ஸ் வரவில்லை.

கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளை இரண்டு மனதாக ஆக்கியது. சில்லு சில்லாகப் போயிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அப்போதே ரிப்பேருக்குக் கொடுத்திருப்பாள். ஒருமுறை திறந்த லென்ஸ் பழைய லென்ஸாக இருக்காது என்பது அவள் எண்ணம். விடிந்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். மெக்கானிக் போனில் சாவகாசமாகத்தான் பேசினார். உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கும், கடை சாத்துவதற்குள் கொண்டு வந்தால் காலையில் தந்துவிடலாம் என்றார். மழை வேறு பிடித்துக்கொண்டதால் சீக்கிரமே சாத்திவிடுவாராம்.

"கொடுத்துத் தொலைச்சிடு" என்றான் கணவன்.

இன்னும் ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். போட்டோ எடுப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. சந்தேகம் வந்தால் இன்னொன்று எடுப்பார்கள். அதிலும் சந்தேகம் வந்தால் அதற்கும் இன்னொன்று.

மகளைச் சாம்பல் நிறத் திரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார வைத்தாள். மழைக்கு ஜன்னல்களை அடைத்திருந்ததால் அறையில் காற்று நகரவில்லை. விளக்கின் சூட்டில் தூசி கருகும் வாசனை வந்தது. அது பழகிய வாசனைதான். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துபோனால் வருமே, அந்த நாற்றம். மழையால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பொத்தானைப் பாதி அழுத்தினாள். முன்பெல்லாம் இந்த லென்ஸ் சர்ரென்று ஒரே ஓட்டமாக ஓடி முகத்தைப் பிடிக்கும். இப்போது முன்னும் பின்னும் மெல்ல ஊர்ந்து, கரண்டு போன வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவர்கள் மாதிரி எதையோ தேடியது. பிறகு நின்றது. கேமரா எங்கே முகம் கண்டாலும் தன் பின்பக்கத் திரையில் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும். கட்டம் போட்டது.

வாலுவின் முகத்தில் இல்லை. அவள் தலைக்கு மேலே, வெறும் காற்றில்.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். போன மாதம் இதே கேமரா பிளக் பாயிண்டை முகம் என்று சொல்லவில்லையா, தன் மச்சினியின் கொண்டைக்குக் கட்டம் போடவில்லையா என்று கேட்டான். அதெல்லாம் உண்மைதான். அவளும் சிரித்தாள். ஆனால் அங்கே பிளக் பாயிண்ட் இருந்தது. கொண்டை இருந்தது. இங்கே ஒன்றுமே இல்லை.

"வாலு, இந்தப் பக்கம் பாரு. அம்மாவப் பாரு."

மகள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். கூட்டத்தில் முன்னால் நிற்பவரைத் தாண்டி எட்டிப் பார்ப்பது போல.

"மறைக்குதும்மா."

"எது மறைக்குது?"

மகள் கையில் இருந்த பொம்மையின் முடியைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். விளையாடுகிறாள். விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும். அவள் பொத்தானை முழுதாக அழுத்தினாள். அழுத்திவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொன்று.

லென்ஸின் முதுகில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. எவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பிடித்திருக்கிறது என்று அதற்குள் ஒரு முள் காட்டும். முதல் படத்தில் முள் மகளுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் முன்னால். அவளும் மகளும் நகரவில்லை, முக்காலியும் நகரவில்லை. அடிபட்ட லென்ஸ் தப்பு செய்யும், சரி. ஆனால் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும். ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் எல்லாப் படத்திலும் ஒரு சாண். இது அப்படி இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி எடுத்து வைக்கிறது.

மூன்றாவது எடுத்தாள். கட்டம் பெரிதாகியிருந்தது. முகம் கிட்டே வந்தால் கட்டம் பெரிதாகும்.

மகளுக்குப் பக்கத்தில் ஏதோ நிற்கிறது. இன்றைக்குத்தான் வந்ததா, இல்லை, இத்தனை நாளும் நின்றதா? நல்ல லென்ஸ் மகளின் முகத்தை மட்டும் பார்த்தது. விழுந்த லென்ஸ் இதைப் பார்க்கிறது. அவ்வளவுதானா?

கணவன் கார் சாவியைத் தேடிக்கொண்டே வந்தான். மெக்கானிக் இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டாராம்.

"ஏங்க, ரிப்பேர் பண்ணிட்டா இது போயிடுமா?" என்று கேட்டாள். "இல்ல, நமக்குத் தெரியாம மட்டும் போயிடுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கலாம் என்று வந்தவன் சிரிக்கவில்லை. தூக்கம் இல்லாமல் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்றான். லென்ஸைக் கழற்றித் தன்னிடம் கொடுக்கச் சொன்னான். கையையும் நீட்டினான்.

கொடுத்துவிடலாம். காலையில் லென்ஸ் சரியாகி வரும், மகளின் முகம் கண்ணாடி மாதிரி துல்லியமாக விழும், கட்டம் அந்தப் பிஞ்சு முகத்தில் சமர்த்தாக உட்காரும். பக்கத்தில் எது நின்றாலும் தெரியாது. ராத்திரி மகளை எந்தக் கட்டிலில் படுக்க வைப்பது? எந்தப் பக்கம் படுக்க வைப்பது? இல்லை, கொடுக்காமல் இதையே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அதை அழைத்துப் பார்க்கவா?

முள்ளைப் பார்த்தாள். மகளுக்கும் முள் காட்டும் இடத்துக்கும் நடுவில் இப்போது நல்ல இடைவெளி. பயம் ஒரு நொடி விலகி, வேறொன்று உறைத்தது. இது மகளிடம் போகவில்லை. மகளை விட்டுத் தன்னிடம் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஓரடி.

"நான் ரிப்பேருக்குத் தரல" என்றாள்.

"என்ன பேசற நீ?"

"வாலுவத் தூக்கிட்டு வெளிய போங்க. கார்ல உக்காருங்க. தயவுசெஞ்சு."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அவன் மறுபேச்சுப் பேசாமல் மகளைத் தூக்கிக்கொண்டான். வாலு அப்பாவின் தோளில் முகவாயை வைத்து அறையின் நடுவையே பார்த்துக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. செருப்புச் சத்தம். மழை.

முக்காலி காலியாக இருந்தது. காலி முக்காலிக்கு எதிரில் நின்று அவள் அழுத்தினாள். லென்ஸ் ஊர்ந்தது. பிடித்தது. கட்டம்.

அழுத்தினாள். நாற்றம் கூடியது. ஈரத்துணி இல்லை இது. வாயை வெகுநாள் மூடி வைத்திருந்து திறந்தால் வரும் நாற்றம்.

வா, என்று மனதுக்குள் சொன்னாள். அவளை விடு. இங்கே வா.

அழுத்தினாள். கட்டம் திரையில் பாதி. திரைக்குள் சாம்பல் துணியைத் தவிர எதுவும் இல்லை. கண்ணை எடுத்து அறையைப் பார்த்தாள். எதுவும் இல்லை. மறுபடி திரை. கட்டம் இருந்தது. லேசாக அசைந்தது. ஒரு முகம் தலையைச் சாய்த்தால் எப்படி அசையுமோ, அப்படி.

அழுத்தினாள். கட்டம் திரையின் நான்கு விளிம்பையும் தொட்டது.

அழுத்தினாள்.

கட்டம் இல்லை.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது. தேடியது. பிடிக்கவில்லை. மறுபடி ஓடியது. வெளியே கார் கண்ணாடியை இறக்கி அவன் என்ன ஆச்சு என்று கேட்பது மழைக்குள் மெல்லக் கேட்டது. போய்விட்டது என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது. முள் கிட்டத்தைக் காட்டும் கடைசி எண்ணில் முட்டிக்கொண்டு துடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை. ஒரு முழத்துக்கும் கிட்டே வந்துவிட்டதை இந்த லென்ஸால் பிடிக்க முடியாது. எந்த முகமானாலும்.

திரை வெளுத்தது. பாலை ஊற்றியது போல முழுதும் வெள்ளை. பிறகு மெல்லத் தெளிந்தது. முக்காலி தெரிந்தது. மறுபடி வெளுத்தது.

கேமராவைத் தாழ்த்தாமல், தலையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி லென்ஸின் முன்பக்கத்தைப் பார்த்தாள். உருண்டைக் கண்ணாடி முழுக்கப் புகை படிந்திருந்தது. குளிரில் ஜன்னலில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அப்படி. நடுவிலிருந்து மறைந்தது. மறுபடி படிந்தது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அது நிற்கவில்லை. படிந்தது. மறைந்தது. படிந்தது. நிதானமாக, அவசரமே இல்லாமல்.

வெளியே கார்க் கதவு திறந்தது. "அம்மா" என்று மகள் கூப்பிட்டாள்.

கண்ணாடியில் புகை பாதியில் நின்றது. எதுவோ திரும்பிப் பார்க்கிற மாதிரி.

அவள் அழுத்தினாள்.