கண்டக்டர் பொய் சொல்லக் கூடாது

"ஆட்டம் முடிஞ்சிச்சிங்க, எல்லாரும் எழுந்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஷோபனா மேசைமேல் சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளை இரண்டு கையாலும் வாரி டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினாள். தங்கை அபிநயாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடி. கீழ போற வண்டி கெளம்பப் போவுது."

அபிநயா எழவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழவில்லை. டப்பா ஷோபனாவின் கையில்தான் இருந்தது. ஆனால் புளியங்கொட்டைகள் உருளும் சத்தம் மேசைமேல் கேட்டது.

குனிந்து பார்த்தாள். அத்தனையும் அங்கேயே கிடந்தன. எல்லாம் கறுப்பு.

அன்று காலையில் அந்த மண்டபத்தில் பேச்சுச் சத்தம் காதைப் பிளந்தது. மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் வருஷத்துக்கு ஒரு தடவை மேசை விளையாட்டுக்காரர்கள் கூடுகிற திருவிழா அது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு வந்திருந்தார்கள். ஷோபனா தானே எழுதி, தானே அச்சடித்துக் கொண்டுவந்திருந்த ஆட்டத்துக்குப் பெயர் 'மலை வண்டி'. அதில் பலகை கிடையாது, காய் கிடையாது. மலையிலிருந்து இறங்கும்போது பனிமூட்டத்தில் வழி தவறிய ஒரு பஸ்ஸின் பயணிகளாக நான்கு பேர் உட்கார்ந்து பேசியே ஆட வேண்டும். கதையை நடத்துகிற ஆளுக்குப் பெயர் கண்டக்டர். ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டைகளை வீச வேண்டும். வெள்ளை விழுந்தால் பயணி நினைத்தது நடக்கும். எல்லாம் கறுப்பாக விழுந்தால் கண்டக்டரை ஒரு கேள்வி கேட்கலாம். கண்டக்டர் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் கண்டக்டருக்கும் அந்த வண்டியை விட்டு இறக்கம் கிடையாது.

இந்த விதியைப் படித்துவிட்டு, விழாவை நடத்தும் ராஜேந்திரன், "மேடம், இது ஒண்ணு போதும், பொட்டி பறந்துடும்" என்றார்.

"எங்க சார் பறக்குது? வர்றவங்கள்ல பாதி பேரு பாத்ரூம் எங்கன்னுதான் கேக்கறாங்க" என்றாள் அபிநயா. ராஜேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. பஸ் எப்படி மலையிறங்கும் என்று ஷோபனா எழுதவே இல்லை. செய்துகாட்டும் ஆட்டம்தானே. ராஜேந்திரன் மணியடித்தால் எந்த மேசையாக இருந்தாலும் பாதியில் நிறுத்திவிட வேண்டும். ஆடிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் மணி அவளைக் காப்பாற்றியது.

மத்தியானத்துக்கு மேல் தூறலோடு மூடுபனி இறங்கியது. சாலை மறைவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்று ஒவ்வொரு மேசையாகக் காலியானது. அப்போதுதான் அந்த மூன்று பேரும் வந்தார்கள். முந்தானையைத் தலையில் போர்த்திய ஒரு அம்மாள், தோளில் ஈரத் துண்டோடு ஒருவர், கக்கத்தில் குடையை இடுக்கிய இன்னொருவர். சந்தைக்கு வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள் என்று ஷோபனா நினைத்தாள். கேட்டதற்குப் பெயர் சொன்னார்கள். வெள்ளையம்மாள், பழனி, கோபால்சாமி.

"எங்களையும் சேத்துக்குவியாம்மா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

நாலாவது ஆள் இல்லை. விழாவில் கடை போட்டவர்கள் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் ஷோபனாவும் செய்தாள். காலி நாற்காலியில் தன் வீட்டு ஆளை உட்கார வைத்தாள்.

மூவரும் அருமையாக ஆடினார்கள். முதலில் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "பின்னாடி சீட்டுல புளி மூட்டை நனைஞ்சி நாறுது" என்றாள் வெள்ளையம்மாள். சொன்ன வாய் மூடுவதற்குள், நனைந்த சாக்கும் புளிப்பும் டீசலும் கலந்த வாடை மண்டபத்தின் பின் மூலையிலிருந்து எழுந்து, அடுக்கி வைத்த நாற்காலிகளின் நடுவே நெளிந்து வந்து, ஷோபனாவின் மூக்கில் ஏறியது. "கண்ணாடியத் தொடைக்கறேன், ஒண்ணும் தெரியல" என்றார் பழனி. காற்றில்தான் துடைத்தார். மண்டபத்து ஜன்னலில் உள்ளங்கை அகலத்துக்குப் பனி விலகி மறுபடி மூடியது. "வளைவுல வண்டி சாயுது" என்றார் கோபால்சாமி. தரை சாய்ந்தது. தண்ணீர் பாட்டில் மேசையின் ஓரத்துக்குத் தானாக உருண்டு போனது.

ஆட்டம் முடிந்ததென்று அவள் சொன்னது அதற்குப் பிறகுதான்.

"கறுப்பு உளுந்திருக்குது, கண்டக்டரம்மா" என்றாள் வெள்ளையம்மாள். குரலில் கோபமே இல்லை. "கேள்வி கேக்கலாம் இல்ல?"

"நேரமாய்டுச்சிங்க..."

"இந்தக் கதய எங்க புடிச்ச?"

ஷோபனா சிரிக்கப் பார்த்தாள். "எனக்கே நடந்ததுங்க. சின்ன வயசுல இந்த ஊரு சந்தையில அம்மாவத் தொலைச்சிட்டு, கீழ போற வண்டின்னு ஒண்ணுல ஏறிட்டேன். இதே மாதிரி பனி."

பழனியும் கோபால்சாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழனி கொட்டைகளை அள்ளி வீசினார்.

கறுப்பு.

"எங்க எறங்கின?"

"கீழ, அடிவாரத்துல. சந்தவாசல்ல."

வாசல் பக்கம் வெளிச்சம் ஆடியது. கையில் டார்ச்சோடு ராஜேந்திரன் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. "இன்னா மேடம், தனியா குந்திக்கினு இன்னா பண்றீங்க? எல்லாரும் போய்ட்டாங்க. கடைசி வேன் நிக்குது, உங்களுக்கு ஒரு சீட்டு வச்சிருக்கேன், வாங்க."

"ரெண்டு சீட்டு வேணும் சார். தங்கச்சி இருக்குறாளே."

டார்ச் வெளிச்சம் அபிநயாவின் முகத்தின் மேல் விழுந்தது. அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. நாற்காலியின் நிழல் மட்டும் சுவரில் தெரிந்தது.

"எந்தத் தங்கச்சி மேடம்?"

"காலையில பேசினீங்களே! சிரிச்சீங்களே!"

"காலையில இருந்து நீங்க ஒருத்தர்தானே கடையில இருந்தீங்க?" அவர் குரல் இறங்கியது. "உடம்பு கிடம்பு சரியில்லையா? வெளிய வாங்க மேடம் மொதல்ல."

வாசல் பத்தடிதான். வேனின் இஞ்சின் சத்தம்கூடக் கேட்டது. அபிநயாவின் கையை விட்டுவிட்டால் போதும், போய் ஏறிக்கொள்ளலாம். ஷோபனா அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சார், நீங்க உள்ள வாங்க! இவளத் தூக்கணும்!"

வாசற்கதவு இரண்டாக மடிந்து, இழுத்து, மூடிக்கொண்டது. பஸ் கதவு மூடுகிற அதே சத்தம். ராஜேந்திரனின் டார்ச் கதவுக்கு வெளியே நகர்ந்து பின்னால் போனது. அவர் நடந்து போகவில்லை. மண்டபம்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

"அபி. எழுந்திரு அபி."

"கால் வரலக்கா" என்றாள் அபிநயா. பயந்த குரல். சின்னப் பெண்ணின் குரல். "கீழ ஈரமா இருக்குது."

கொட்டைகள் உருண்டன. யாரும் வீசவில்லை.

கறுப்பு.

கோபால்சாமி குடையை மடிமேல் வைத்துக்கொண்டார். "சந்தவாசல்ல எறங்கினது எத்தினி பேரு?"

ஷோபனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விளக்கு மங்கியது. ஜன்னல்களில் மரங்கள் ஓடின. ஒரே மரம். ஒரே வளைவு. மறுபடியும் அதே மரம். அவள் எழுதிய வளைவு அது. அதற்கு மேல் எழுதாமல் விட்ட சாலை.

"சொல்லும்மா. உன்ன எறக்கிவுட்ட அன்னியில இருந்து நாங்க சுத்திக்கினே இருக்கறோம். ஆள் கணக்கு ஒதைக்குது, வண்டி கீழ எறங்க மாட்டேங்குது" என்றார் கோபால்சாமி.

"ரெண்டு" என்றாள் ஷோபனா. "ரெண்டு பேருங்க."

"ஆங்."

கறுப்பு.

வெள்ளையம்மாள் முந்தானையை விலக்கிக்கொண்டு மேசைமேல் சாய்ந்தாள். ஈரம் சொட்டியது. "ஏறும்போது?"

ரெண்டு பேர் என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் இந்த வண்டியிலேயே கிடக்கலாம். அபிநயாவோடு. முடிவே இல்லாமல். பரவாயில்லை. ஒரே தட்டில் சோறு தின்ற கை இது. காய்ச்சலில் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் இவள். இந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் படித்தவள். ஷோபனா வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்லாதக்கா" என்றாள் அபிநயா, மேசையைப் பார்த்தபடியே. "நீயாவது எறங்கு."

இஞ்சின் நின்றது.

சத்தமே இல்லை.

வெளியே பனி. உள்ளேயும் பனி. நான்கு முகங்கள். காத்திருந்தன.

யாரிடமும் அவள் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. தேடிக்கொண்டு மலையிறங்கி, சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்ட அம்மா, 'ரெண்டு பேரும் எங்கடி போய்த் தொலைஞ்சீங்க?' என்றுதான் அழுதாள். வீட்டில் இரண்டு பாய் விரித்திருந்தது. அலமாரியில் இரண்டு அளவுப் பாவாடைகள். அண்டை அயலும் அப்படியேதான் பேசியது. ரெண்டாவதாக ஒருத்தி பிறக்கவே இல்லையென்று தெரிந்தவள் ஊரிலேயே ஷோபனா ஒருத்திதான்.

"நான் மட்டும்தாங்க ஏறினேன்" என்றாள். "எங்கம்மாவுக்கு நான் ஒரே பொண்ணு. இவ அந்த வண்டியில ஏற்கெனவே இருந்தா."

வாசற்கதவு மடிந்து திறந்துகொண்டது. அபிநயா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அக்காவைப் பார்த்து, எப்போதும் போலப் பல் தெரியச் சிரித்தாள். சிரித்த வாயிலிருந்து மூடுபனி மெல்ல, மெல்ல, வெளியே வந்துகொண்டே இருந்தது.