எல்லா வீட்டிலும் செலின்

தங்கபுஷ்பத்தின் சமையலறையில் செலின் பேசிக்கொண்டிருந்தாள். "மைனி, பின்னறையில ஃபேன் சும்மா சுத்துது. ஆளில்லாத அறைக்கு எதுக்குக் காத்து?" தங்கபுஷ்பம் மீன் கழுவிய கையோடு போய் ஃபேனை நிறுத்தினாள். அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் இன்னொரு செலின், "அண்ணாச்சி, தொட்டி நிரம்பி வழியுது, மோட்டார நிப்பாட்டுங்க" என்று இசக்கியப்பனைக் கூப்பிட்டாள். தெருக்கோடி வீட்டில் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் இஸ்திரிப்பெட்டியை அணைக்கச் சொல்லி வேறொரு செலின் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

உண்மையான செலின் தன் வீட்டு மொட்டைமாடியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். மாடி வெள்ளையாக இருந்தால் வெயில் உள்ளே இறங்காது, கீழே அறை குளிர்ந்திருக்கும். பழைய உப்பளத் தெருவின் எல்லா மாடிகளும் அவள் ஏற்பாட்டில் வெள்ளையாகிவிட்டன. அவள் மாடிதான் கடைசி.

மற்ற வீடுகளில் பேசியது அயல்குரல். சுவிட்ச் போர்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துங்கள் என்று அரசாங்கம் எத்தனையோ காலம் சுவரொட்டி ஒட்டிப் பார்த்தது, நடிகர்களைக் கொண்டு விளம்பரம் போட்டுப் பார்த்தது. ஒருவரும் அசையவில்லை. நம் ஜனங்கள் மந்திரி சொன்னால் கொட்டாவி விடுவார்கள், அடுத்த வீட்டுக்காரி சொன்னால்தான் ரோஷப்பட்டு எழுந்து போய் அணைப்பார்கள். இந்த உண்மையை யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்ததிலிருந்து பிறந்த இயந்திரம் அது. தெருவில் ஒருவருடைய குரலை வாங்கிக்கொண்டு எல்லா வீட்டிலும் பேசும். பேசுவதோடு, கேட்கவும் செய்யும். எந்தப் பேச்சுக்கு எந்த வீட்டின் மின்மானி இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துத் தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்ளும்.

நகரத்து மின்சிக்கனக் குழுவின் பொறியாளர் ஆதிரை பலருடைய குரலைப் பதிவுசெய்து சோதித்தாள். செலினின் குரலுக்குத்தான் தெரு பணிந்தது. அதில் ஆச்சரியமில்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கிறவள் செலின். அவள் சொல்லைத் தட்ட அந்தத் தெருவில் யாருக்கும் முகம் கிடையாது.

"பெட்டி யாரையும் மரியாதையில்லாமப் பேசாதுல்லா?" என்று மட்டும் செலின் கேட்டாள்.

"சத்தியமா பேசாது அக்கா. அதுவா ஒரு கெட்ட வார்த்தையும் உண்டாக்காது. அப்படி விதி போட்டிருக்கோம்" என்றாள் ஆதிரை.

செலின் குரலைக் கொடுத்ததற்குக் காரணம் ஊர்சேவை மட்டுமல்ல. அவள் கணவன் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், ஆள் வாட்டசாட்டம். இப்போது நுரையீரல் இரண்டும் பழுது. மூக்கில் குழாயும் கட்டிலருகே பிராணவாயு இயந்திரமுமாக இருந்தார். வெயில் உச்சிக்கு ஏறி ஊரே குளிர்சாதனத்தைப் போடும் நேரத்தில் மின்வாரியம் தெருத்தெருவாக மின்சாரத்தை நிறுத்தும். உச்சவெட்டு என்று அதற்குப் பெயர். உச்சவெட்டு வரும் ஒவ்வொரு மதியமும் செலின் கணவனின் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டு, மின்சாரம் வருகிறவரை விசிறியபடியே இருப்பாள்.

அந்த வருஷம் நகரத்துக்கு ஒரே ஒரு மின்குதிர் வந்திருந்தது. மாடிகளில் விழும் வெயிலையெல்லாம் மின்சாரமாக்கிச் சேர்த்துவைத்துக்கொள்ளும் பெரிய கலம். அது நிற்கிற தெருவுக்கு உச்சவெட்டே கிடையாது. அதிகமாகச் சிக்கனம் பிடிக்கும் தெருவுக்குத்தான் குதிர் என்று அறிவித்தார்கள். அன்றே செலின் தீர்மானித்துவிட்டாள், அது தன் தெருவுக்குத்தான்.

அதற்குப் பிறகு அந்தத் தெரு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. மூன்று வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ் என்று ஏற்பாடானது. யார் மீனை யார் எடுத்துப் பொரித்தது என்று சண்டை வந்து, செலினே தீர்த்துவைத்தாள். ஜன்னல்களில் ஈரச் சாக்கு தொங்கியது. இசக்கியப்பன் படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவர். பழைய விசையாழி ஒன்றைத் தேடிப்பிடித்து, கடல்காற்றிலேயே ஓடும் மாவாட்டும் கல் ஒன்றைத் தெருமுனையில் நிறுவினார். வாசலைத் தாண்டினால் கை தானாகப் போய் எல்லா சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் சின்னதுகளுக்குக்கூட வந்துவிட்டது.

பெட்டியும் சளைக்கவில்லை. கடைசி வாரங்களில் அது ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தது. சாதாரணமாகச் சொல்வதைவிட, பதறிச் சொன்னால் ஜனங்கள் வேகமாக அணைக்கிறார்கள். "ஐயோ மைனி, ஓடியாங்க, லைட்டு எரியுது!" என்று அது அலறத் தொடங்கியது. முதல் இரண்டு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள், பிறகு என்ன சொல்கிறது என்றுகூடக் கேட்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டப் பழகினார்கள்.

பழைய உப்பளத் தெரு ஜெயித்தது. மின்குதிர் வந்து இறங்கிய அன்று செலின் தெருவென்றும் பாராமல் அழுதாள்.

அடுத்த உச்சவெட்டில் ஊரெல்லாம் புழுங்கியது. கஸ்பாரின் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது.

ஒருநாள் சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். குளியலறைக்குப் போன கஸ்பார் வழுக்கி விழுந்தார். குழாய் மூக்கிலிருந்து கழன்று எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிய செலின், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே சிக்கிக் கிடந்தவரைத் தோளில் தாங்கி நிமிர்த்திப் பிடித்தாள். கீழே படுக்கவிட்டால் அவருக்கு மூச்சு கிடையாது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது, தனியாகத் தூக்கவும் முடியாது. போன் முன்னறையில் கிடந்தது. தலைக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தெரு தெரிந்தது.

"மைனி! ஓடியாங்க மைனி!" என்று கத்தினாள்.

தங்கபுஷ்பத்தின் சமையலறை விளக்கு அணைந்தது. "சரி தாயி, அணைச்சாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அண்ணாச்சி! இசக்கியண்ணாச்சி! சீக்கிரம் வாங்க, அவிய விழுந்துட்டாவ!"

இசக்கியப்பன் வீட்டு முன்விளக்கு அணைந்தது. பின்விளக்கும் அணைந்தது. செலின் தொண்டை கிழியக் கத்தக் கத்தத் தெருவில் வீடு வீடாக விளக்கு அணைந்துகொண்டே போனது. ஒரு கதவும் திறக்கவில்லை. கஸ்பாரின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது.

அப்போதுதான் செலினுக்கு விளங்கியது. தெரு கேட்டுக்கொண்டிருப்பது தன்னையல்ல, பெட்டியை. பெட்டி கெஞ்சும், பதறும், அழக்கூடச் செய்யும். பெட்டி செய்யாதது ஒன்றே ஒன்றுதான்.

"ஏ தங்கபுஷ்பம்! செத்த மூதி!" என்று ஆரம்பித்தாள். "எங்க வீட்டுச் சுறாப்புட்டத் தின்னு தின்னு ஒடம்ப வளத்தியே, காது அடைச்சுப்போச்சாட்டி? வாங்கிட்டுப் போன இட்லிக் கொப்பரையத் திருப்பித் தர வக்கில்ல, ஒனக்கெல்லாம் ஒரு குடும்பம்! ஏலே இசக்கியப்பா, கூறுகெட்ட பயலே! பொண்டாட்டிக்குப் பயந்து படகுக்கு அடியில ஒளியிறவன்தானே நீ! உங்க வீட்டு எழவுக்கெல்லாம் முத ஆளா வந்து நின்னேனேல, என் வீட்டு எழவுக்கு ஒரு நாதி இல்லையா!"

தெரு ஒரு கணம் திகைத்தது. அடுத்த கணம் கதவுகள் படார் படாரென்று திறந்தன. தங்கபுஷ்பம் கரண்டியோடு வந்தாள். இசக்கியப்பன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். அத்தனை கோபத்திலும் வாசலைத் தாண்டும்போது ஒவ்வொருவர் கையும் பழக்கதோஷத்தில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டே வந்தது. சண்டைக்கு வந்தவர்கள் குளியலறையைப் பார்த்ததும் கஸ்பாரைத் தூக்கி, நாற்காலியில் உட்காரவைத்து, குழாயை மூக்கில் மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

"நான் பெட்டின்னுல்லா நெனச்சேன்" என்று தங்கபுஷ்பம் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். செலின் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொப்பரை அன்றைக்கே திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் தங்கபுஷ்பம் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது செலினின் குரல் கேட்டது. "செத்த மூதி! காது அடைச்சுப்போச்சாட்டி? வாசல் லைட்டு எரியுது!" தங்கபுஷ்பம் பாலைப் பொங்கவிட்டுவிட்டு செலின் வீட்டுக்கு ஓடினாள். இசக்கியப்பன் அவளுக்கு முன்பே அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்தது.

செலின் ஆதிரைக்குப் போன் போட்டு விளாசினாள்.

"நாங்க சொல்லிக் குடுக்கல அக்கா" என்றாள் ஆதிரை. "நேத்து சாயங்காலம் உங்க தெரு மொத்தமும் ஒரே நேரத்துல கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு எறங்கியிருக்கு. இதுவரைக்கும் எந்தத் தெருவும் அப்படி எறங்கினதில்ல. அதுக்கு முன்னாடி என்ன பேச்சுன்னு பெட்டி கேட்டு வச்சிருக்கு. அதுவா கெட்ட வார்த்தை உண்டாக்கக் கூடாதுன்னுதான் விதி. இது நீங்களே சொன்னதாச்சே."

"எங்களுக்குப் பெட்டியே வேண்டாம். வந்து கழட்டிட்டுப் போ."

"கழட்டலாம். ஆனா பெட்டி இல்லாத தெருவுல குதிர் நிக்காது அக்கா. அடுத்த தெருவுக்குப் போயிரும்."

செலின் போனை வைத்தாள். எல்லோர் கண்ணும் கட்டிலருகே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் போனது. "என்னய எதுக்குப் பாக்குதிய? கழட்டணும்னா கழட்டுங்க" என்றார் கஸ்பார். ஒருவரும் கழட்டச் சொல்லவில்லை.

ஆனால் செலின் விட்டுவிடுகிற ஆளில்லை. மாலையில் வீட்டுக்கு ஒருவரை உப்பள வரப்புக்குக் கூட்டிப்போனாள். அங்கே பெட்டிக்குக் காது கிடையாது.

"ஆபத்துக்குக் கூப்பிட நமக்குள்ள ஒரு சொல்லு வேணும். பெட்டி கேக்காத சொல்லு" என்றாள்.

"சொல்லு எதுக்கு, போன் அடிச்சாலோ தட்டத் தட்டுனாலோ போதாதா?" என்றார் இசக்கியப்பன்.

"அடிச்சாலும் தட்டுனாலும் அந்தச் சத்தத்தையும் கேட்டு, மறுநாளே போடும் அண்ணாச்சி."

தங்கபுஷ்பத்துக்கு மெல்லப் புரிந்தது. "அப்போ எந்தச் சொல்லா இருந்தாலும் ஒரு தரந்தானா?"

"ஒரு தரந்தான். செலவழிஞ்சா மறுபடி இங்க வந்து வேற பாத்துக்கணும். அதுவரைக்கும் யார் கத்துனாலும் யாருக்கும் கேக்காது. அதனால நெசமான உயிராபத்துக்கு மட்டும்" என்றாள் செலின். பிறகு தணிந்த குரலில் அந்தச் சொல்லைச் சொன்னாள். எல்லோரும் திருப்பிச் சொல்லி மனதில் இருத்திக்கொண்டார்கள்.

மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த தெரு அது. அந்தச் சொல்லையும் அப்படியே காப்பாற்றியது.

ஒரு மதியம் கஸ்பாருக்கு இருமல் வந்து மூச்சு சிக்கிக்கொண்டது. செலின் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். தங்கபுஷ்பத்தின் மகள் பிரசவத்துக்கு வந்திருப்பது ஞாபகம் வந்தது. நிறைமாசம். அந்த வீட்டில் ஆம்பளை கிடையாது. சொல்லை விழுங்கிக்கொண்டு கணவனின் முதுகைத் தட்டினாள், தட்டிக்கொண்டே இருந்தாள். நல்லவேளை, மூச்சு திரும்பியது.

கஸ்பார் அசந்து தூங்கிய பிறகு, எதிர்வீட்டில் குழந்தை அழும் சத்தம் கேட்டு அங்கே ஓடினாள். தங்கபுஷ்பத்தின் மகள் பாயில் வெளுத்துப்போய்க் கிடந்தாள். பக்கத்தில் பழைய சேலையில் சுற்றிய சிசு. ஆம்புலன்ஸ் இன்னும் வந்தபாடில்லை. தங்கபுஷ்பத்தின் கையெல்லாம் ரத்தம்.

"தனியாவா மைனி? மவ உயிரு போயிருந்தா? ஏன் என்னயக் கூப்பிடல?"

"கூப்பிடத்தான் வாயத் தொறந்தேன். ஒரு தரந்தானே செல்லும். கஸ்பார் அண்ணனுக்கு வேணுமேன்னு முழுங்கிட்டேன்."

செலின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நானும்தான் மைனி" என்று மட்டும் சொன்னாள்.

"செத்த மூதி, பட்டப்பகல்ல எதுக்குட்டி லைட்டு?" என்றது சுவரிலிருந்து செலினின் குரல்.

தங்கபுஷ்பம் செலினின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள்.