கயிற்றின் மறுமுனை

மூன்று வயது நிறைவதற்குள் கோசலுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் அதைவிடக் கெட்ட செய்தி வேறு இருக்க முடியாது.

வீடு தரையில் நிற்கவில்லை. தோன்லே சாப் ஏரியின் மேல் மூங்கில் கட்டுகளில் மிதந்துகொண்டிருந்தது. வாசலைத் தாண்டினால் தண்ணீர். அடுப்படியைத் தாண்டினாலும் தண்ணீர். அதனால் நீந்தப் பழகும்வரை அங்கே எல்லாப் பிள்ளைகளின் காலிலும் ஒரு கயிறு இருக்கும். மறுமுனையை நடுத்தூணில் கட்டிவிடுவார்கள். கோசலின் அக்கா தீதாவும் அப்படித்தான் வளர்ந்தாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. மீன் மாதிரி நீந்துவாள்.

பக்கத்து வீட்டுச் சவோன் அத்தையின் மகளும் கயிற்றோடுதான் வளர்ந்தாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் தூணில் கயிறு மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அத்தை யாரோடும் சிரித்துப் பேசியதில்லை.

அப்பா மீன் பிடிக்கத் தூரத்துக்குப் போயிருந்தார். அம்மாவுக்குப் பாப்பா பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உடம்பில் குளிர் ஏறாமல் இருக்க, அடியில் கரி அடுப்பு வைத்த மூங்கில் கட்டிலில் அவள் கிடந்தாள்.

பாப்பாவுக்கு நேரம் காலம் கிடையாது. பால் குடிக்கும், தூங்குவதுபோல நடிக்கும், தொட்டிலில் போட்டுக் கையை எடுப்பதற்குள் மறுபடி குடிக்க அழும். அம்மா வாயில் போட்ட சோற்றை மெல்லும்போதே தூங்கிப்போனாள். தீதாதான் உலை வைத்தாள், துணி அலசினாள், தம்பியையும் பார்த்துக்கொண்டாள். காலையில் பள்ளிக்கூடப் படகு வாசலில் வந்து நிற்கும். வரவில்லை என்று தலையாட்டி அனுப்பிவிடுவாள்.

அன்று அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மா பாப்பாவுக்குப் பால் கொடுத்தபடியே கண் அசந்திருந்தாள். அப்போது வாசல் பக்கம் ‘தொப்’பென்று சத்தம் கேட்டது.

தீதா திரும்பினாள். தூணடியில் வெறும் கயிறு கிடந்தது.

அரிசியை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தாள். கலங்கிய தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கைக்கு முதலில் பாசிதான் தட்டுப்பட்டது. பிறகு தலைமுடி தட்டுப்பட்டது. அதைப் பிடித்து இழுத்தாள்.

மேலே வந்தபோது அம்மா விளிம்பில் மண்டியிட்டிருந்தாள். பாப்பா கட்டிலில் தனியாகக் கிடந்து கத்தியது. அம்மா கோசலைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். தண்ணீர் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அம்மா அவனை அடித்தாள். அடித்த கையாலேயே மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். வெகுநேரம் விடவேயில்லை.

சத்தம் கேட்டு சவோன் அத்தை படகில் வந்துவிட்டாள்.

“உனக்கு இருக்கிறது ரெண்டு கை. ரெண்டையும் சின்னது எடுத்துக்கிச்சு. இவனை யாரு பிடிக்கிறது?” என்றாள். “சாயங்காலம் மீன் விக்கக் கரைக்குப் போறேன். இவனை உங்க அக்கா வீட்டுல விட்டுடறேன். அங்க தரை இருக்கு.”

அம்மா அழுதாளே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. பாப்பா கொஞ்சம் வளரும்வரை அவன் பெரியம்மாவிடம் இருக்கட்டும் என்று தீதாவிடம் சொன்னாள். அவன் சட்டைகளை ஒரு பையில் எடுத்து வைக்கச் சொன்னாள்.

தீதா பையை எடுத்தாள். கோசல் அந்தப் பெரியம்மாவைப் பார்த்ததுகூட இல்லை. அங்கே யார் மேல் காலைப் போட்டுத் தூங்குவான்?

சட்டைகளை எடுத்து வைத்தாள். பிறகு தம்பிக்கு எதிரே உட்கார்ந்து அவனையே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள்.

அம்மா இந்த முறை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருந்தாள். கணுக்கால் சிவந்துபோயிருந்தது. அவன் பாட்டுக்குத் தேங்காய்ச் சிரட்டையை உருட்டி விளையாடினான். பாப்பா சிணுங்கியது. அம்மா அதை எடுத்து மார்பில் போட்டாள். உடனே கோசலின் விரல்கள் முடிச்சுக்குப் போயின. பாப்பா தொட்டிலுக்குத் திரும்பியது. அவன் விரல்களும் சிரட்டைக்குத் திரும்பின. அடுத்த தடவையும் அப்படியே நடந்தது.

“எதுக்குடா அவுக்கிற?” என்று கேட்டாள் தீதா.

கோசல் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தண்ணில விழுந்தா அம்மா என்னைத் தூக்கும்.”

செத்துப்போவது என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. அம்மாவின் மடி எப்படிக் கிடைத்தது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

திட்டினால் அவனுக்கு விளங்காது. அடித்தும் பார்த்தாகிவிட்டது. குடிக்காதே என்று பாப்பாவிடம் சொல்லவும் முடியாது. தீதா தூணைப் பார்த்தாள். நாள் முழுக்க இந்தக் கட்டையோடு கட்டிப்போட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அவள் எழுந்தாள். தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கட்டிலில் நீட்டியிருந்த அம்மாவின் காலில் அதைக் கட்டினாள். விளிம்புக்கு எட்டாமல் கயிறு நின்றுவிடுகிறதா என்று இழுத்துப் பார்த்தாள். தம்பியின் காலில் இறுகியிருந்ததைத் தளர்த்தி, வலிக்காமல் கட்டினாள்.

“என்னடி பண்ற?” என்றாள் அம்மா தூக்கக் கலக்கத்தில்.

“அவன் இழுத்தா நீயும் காலால இழும்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

கோசல் விளிம்பை நோக்கி நடந்தான். கயிறு விறைத்தது. அம்மாவின் கால் அசைந்தது. அவன் நின்று திரும்பிப் பார்த்தான். அம்மா காலை மெல்ல இழுத்தாள். அவன் பதிலுக்கு இழுத்தான். அம்மா மறுபடி இழுத்தாள். அவன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

அன்று பிற்பகல் முழுக்கப் பாப்பா குடித்துக்கொண்டே இருந்தது. கோசலும் இழுத்துக்கொண்டே இருந்தான். அம்மா இருக்கிறாளா என்று பார்க்க ஒரு இழுப்பு, சிரட்டை உருண்டுவிட்டது என்று சொல்ல ஒரு இழுப்பு. முடிச்சை அவன் தொடவேயில்லை.

சாயங்காலம் சவோன் அத்தை வந்தாள். இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினாள். “பையன் எங்க?”

அம்மாவின் மார்பில் பாப்பா இருந்தது. அவள் கயிறு கட்டிய காலைத் தூக்கினாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கோசல் எட்டிப் பார்த்தான்.

அத்தை உள்ளே வந்து கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தாள்.

“நீ தூங்கிட்டா?”

“தூங்கினேன்க்கா. இழுத்து எழுப்பிட்டான்.”

அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கயிறு அவள் கையிலேயே இருந்தது. “என் பொண்ணையும் தூண்லதான் கட்டினேன்” என்றாள் மெதுவாக. “எனக்கு இது தோணல.”

தீதா அத்தையின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை எழுந்தாள். நாளை முதல் காலையில் தானே வந்து உலை வைத்துத் தருவதாகவும், தீதா பள்ளிக்கூடப் படகில் ஏறிப் போகட்டும் என்றும் சொன்னாள். வழியில் பையன் அழுதால் கொடுப்பதற்கென்று பொரித்து வைத்திருந்த வாழைப்பழப் பொட்டலத்தைக் கோசலிடம் கொடுத்துவிட்டுப் படகைத் தள்ளினாள்.

கோசல் ஒரு துண்டைத் தான் தின்றான். இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் ஏறி, பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் வாயில் திணித்தான்.