விலகி நின்ற பாலம்

காலை 9:40. திருட்டுப் போனது ஒரு மாகாணம்.

தெரு, கிணறு, பாலம், வீட்டு எண் என்று ஒன்று விடாமல் நில அளவை அலுவலகம் நான்கு ஆண்டுகள் கால் தேய நடந்து வரைந்த வரைபடம் அது. அன்று மாலை நான்கு மணிக்கு அரசு அதை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக இருந்தது. யாரும் எடுக்கலாம், பகிரலாம்; எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி போட்டால் போதும். அதற்குள் ஒரு தனியார் கம்பெனி அதே படத்தைத் தன் தளத்தில் ஏற்றி, கீழே 'அனைத்து உரிமைகளும் எங்களுக்கே' என்று எழுதிவிட்டது.

இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டியது.

"இப்ப நாம வெளியிட்டா நாமதான் திருடன்னு கேஸ் போடுவாங்க. வெளியீடு ரத்து! வெள்ளிக்கிழமை படத்தை வெளிய எடுத்தது ஆபரேட்டர் பேர்ல பதிவாகியிருக்கு. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு அந்தப் பொண்ணை வேலைய விட்டு அனுப்பறேன்."

"அதுவரைக்கும் எனக்கு டைம் குடுங்க சார்" என்றாள் உரிம அதிகாரி.

படத்துக்கான அனுமதி வாசகத்தை எழுதியவள் அவள். ஒரு கால்புள்ளிக்காக மூன்று கூட்டங்களில் சண்டை போட்டதால் அலுவலகத்தில் அவள் பெயரே கால்புள்ளி. அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான் அங்கே தலைமை அளவையாளர். அந்தக் கூட்டங்களில் எல்லாம் அவள் பக்கம் பேசிய ஒரே மனிதர்.

10:15. ஆபரேட்டரின் கண்கள் சிவந்திருந்தன.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பினே?"

"அஞ்சுக்கு. குழந்தைக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சுக்கா."

"பதிவுல அஞ்சு இருபதுன்னு இருக்கு. மெஷினை மூடினியா?"

"இல்லக்கா. அப்படியே ஓடிட்டேன்."

"அப்ப ஹால்ல யாரெல்லாம் இருந்தோம்?"

"இயக்குநர் சார், உங்க அண்ணன், நீங்க."

"நீ சேர்ந்து எத்தனை வருஷம்?"

"ஆறு."

10:50. இரண்டு படங்களையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். கம்பெனியின் படத்தில் பாலம் ஆற்றை விட்டு விலகி வயலில் நின்றது.

"அப்ப இது நம்ம படமே இல்ல. அவங்களே அளந்து சொதப்பியிருக்காங்க. இன்னும் மோசம், உரிமையும் அவங்களுக்குத்தான்" என்று இயக்குநர் தலையில் கை வைத்தார்.

கால்புள்ளி திரை அருகே போனாள். பாலம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தாள். பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இரண்டு கிணறுகள். எல்லாமே கிழக்கே 94 மீட்டர், வடக்கே 212.

11:20. அண்ணன் மேசையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு தப்பு பண்ணிட்டா. நீ ஏன்மா கிடந்து அலையற?" என்றார். "அந்தக் காலத்துல படம் வெளிய போகணும்னா என் மேசைக்கு வரணும். மலைமேல இருக்கற கல்லை வச்சு அளந்த காலம். அதுல வர்ற வித்தியாசத்துக்கு இந்தத் திருத்தத்தை நான் கூட்டினாத்தான் படம் உலகக் கணக்கோட ஒத்துப்போகும். இப்ப நடந்து அளந்தாலும் கணக்கெல்லாம் சாட்டிலைட். என்னை யாரு கேக்கறா?"

மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பழுப்புத் துண்டுச் சீட்டைத் தட்டிக் காட்டினார். அதில் இரண்டு எண்கள் இருந்தன. அவள் படித்தாள். மணியைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

11:45. இயக்குநர் அறைக்கு எல்லோரையும் வரவழைத்தாள்.

"தனியா அளந்திருந்தா பிசகு இடத்துக்கு இடம் மாறும் சார். இது ஒரே அளவு, ஒரே திசை. நம்ம படத்தையே தூக்கி நகர்த்தியிருக்காங்க."

"நகர்த்தினது யாரு?"

"சாட்டிலைட் வச்சு அளந்த படத்துக்குத் தேவையே இல்லாத பழைய திருத்தத்தைக் கூட்டினவர். வெளிய போற படம்னதும் கை பழக்கத்துல கூட்டிட்டார். சாட்டிலைட் வந்த பிறகு, ஆறு வருஷம் முன்ன சேர்ந்தவளுக்கு அது தெரியாது. எனக்கு ஒரு கோடு வரையத் தெரியாது. உங்களுக்கு மெயில் திறக்கவே ஆள் வேணும்." அண்ணனைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "தொண்ணூத்து நாலு, இருநூத்துப் பன்னெண்டு. எங்க அண்ணன் மேசைக் கண்ணாடிக்குக் கீழ இருக்கு."

அண்ணன் மறுக்கவில்லை.

"முப்பத்தொரு வருஷம் வெயில்ல நடந்தவன் நான். நீ எழுதின அனுமதியில 'ஆதாரம்: மாகாண அரசு'ன்னு ஒரு வரி. என் பேரு எங்க? அந்தக் கம்பெனிக்காரங்க போடறேன்னாங்க."

"என்கிட்ட கேட்டிருந்தா சண்டை போட்டு வாங்கியிருப்பேனே! கூடவே நின்னு குழி பறிச்சீங்களே அண்ணா. அதுவும் ஒரு பச்சப்புள்ளக்காரி தலையில பழியப் போட்டு."

கம்பெனியின் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை தேடினார். மறுபடியும் தேடினார். கம்பெனியின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. அவர் பெயர் எங்குமே இல்லை.

இயக்குநர் வேலைநீக்க உத்தரவைக் கிழித்தார். ஆபரேட்டர் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். திருட்டு நிரூபணமானதால் நான்கு மணி வெளியீட்டுக்கு இனித் தடையில்லை; போலீஸ் புகார் மட்டும் போக வேண்டும்.

கால்புள்ளிதான் எழுத உட்கார்ந்தாள். 'குற்றம் சாட்டப்படுபவர்' என்ற கட்டத்தில் அண்ணனின் முழுப் பெயரையும் எழுதினாள். அடுத்த கட்டம் 'தந்தை பெயர்'. அதையும் எழுதினாள். கடைசி வரியில், 'புகார் கொடுப்பவர்' என்ற இடத்தில், தன் பெயருக்குப் பக்கத்தில் அதே தந்தை பெயரை இன்னொரு முறை எழுத வேண்டியிருந்தது.