எட்டாத சுண்டுவிரல்

வயலின் கம்பியிலிருந்து வில்லை எடுத்த பிறகும் அந்த ஸ்வரம் நிற்கவில்லை. வில்லில் தேய்க்கும் ரோசின் தூளின் பிசின் வாடையும் மத்தியானப் புழுக்கமும் அடைந்து கிடந்த அறையில், திரைச்சீலையின் நிழலுக்கும் அலமாரிக்கும் நடுவே எங்கேயோ, அது தன் பாட்டுக்கு மெலிசாக இழுத்துக்கொண்டே இருந்தது. எதிரொலியாக இருக்கும், போய்த் தொலையட்டும் என்று அவள் காதைக் குடைந்துகொண்டாள்.

நாளைக்கு இசைக்குழுவில் ஆள் தேர்வு. வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. வாசிக்கவேண்டியது ஒற்றை வயலினுக்கு எழுதிய சொனாட்டா என்ற மேற்கத்திய உருப்படி. துணைக்கு ஒரு பியானோகூடக் கிடையாது, தப்பினால் மூடிமறைக்க நாதியில்லை. அதில் ஒரே ஒரு இடம்தான் கழுத்தை அறுக்கிறது. நாலு கம்பியிலும் நாலு விரலை அகட்டி வைத்து ஒரே வீச்சில் வில்லை இழுக்கவேண்டும். சுண்டுவிரல் எட்டமாட்டேன் என்கிறது. போன தடவையும் இங்கேதான் மண்ணைக் கவ்வினாள்.

"எழுதின மகராசனுக்கு எத்தனை விரலோ! கட்டையில போறவன்!"

அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வயலினைக் கட்டிலில் போட்டுவிட்டு மரத்துப்போன கையை உதறினாள்.

பக்கத்து அறையில் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த புருஷன் குரல் கொடுத்தான். "அப்பாடா! இப்ப கரெக்டா வந்துடுச்சு பாரு!"

"கிண்டல் பண்ணாதீங்க. நான் வாசிக்கவே இல்ல."

"என் காதுல விழுந்துச்சேம்மா!"

அவள் திரும்பினாள். கட்டிலில் கிடந்த வயலினின் கம்பிகள் அதிர்ந்துகொண்டிருந்தன. ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அதுக்கு வருது, எனக்கு வராதா? வெடுக்கென்று எடுத்துத் தாடையில் பொருத்தினாள். விரலை அகட்டினாள். வில்லை இழுத்தாள்.

வந்துவிட்டது.

நாலு கம்பியும். ஒன்றாக. சுத்தமாக.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் கையைப் பார்த்தாள்.

சுண்டுவிரல் எட்டவில்லை. காற்றில் நின்றது. அதைத் தாண்டி, கம்பியின் மேல், வேறொரு விரல். சாம்பல் நிறம். வயலினின் அடியிலிருந்து வளைந்து ஏறியிருந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை. அவள் விரல்களுக்கு இடையில் இன்னொன்று நுழைந்தது. இன்னொன்று.

"அதேதான்! விட்டுடாதே!" என்றான் புருஷன்.

கத்த வாயைத் திறந்தாள். குரல் எழவில்லை. குளிர்ந்த விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிடித்து, எட்டாத இடத்தை நோக்கி மெல்ல இழுத்தன. மூட்டு சொடக்கென்றது.

இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.