இருவருக்கும் ஒரே பச்சை

மழை தூறிக்கொண்டிருந்தது. சிக்னலில் நடக்கும் பச்சை மனிதன் எரிந்த பிறகுதான் எம்னா சாலையில் இறங்கினாள்... இரண்டாவது அடியிலேயே, வலப்பக்கம் திரும்பிய கார் ஒன்று அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கையிலிருந்த மருந்துப் பை தண்ணீரில் விழுந்தது.

இறங்கியவன் முகம் வெளுத்திருந்தது. வாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எனக்கும் பச்சைதாங்க இருந்துச்சு."

"எனக்கும்தான். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பச்சை போட்ட அறிவாளி யாருங்க? அவரை ஒரு நாள் இங்க நடக்கச் சொல்லணும்."

மழை ஒட்டிய இமைகளுக்குள் கோபமும் நடுக்கமுமாய் இருந்த அந்தக் கண்களை அவன் பார்த்தான். குனிந்து மருந்துகளைப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தான்.

அவன் பெயர் வஜ்தி. அந்தத் துனீசியத் துறைமுக ஊரின் சிக்னல்களுக்கு நேரம் குறிக்கும் பொறியாளர். அந்த அறிவாளி அவன்தான்.

மறுநாள் மாலை அதே முனையில் குடையோடு நின்றான்.

"காரு எங்க?" என்றாள் எம்னா.

"நடந்து வந்தேன்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. கூட யாராவது வந்தா தேவலை."

அவள் சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள். மருந்துக்கடை வேலை முடிந்து அவள் வரும் நேரம் அவனுக்கு மனப்பாடமானது. பத்து நாட்கள் சேர்ந்தே கடந்தார்கள்.

பதினோராம் நாள் அவளுடைய அம்மாவும் வந்தாள், ஊன்றுகோலோடு.

"இதே முனைதான் தம்பி. போன வருஷம் திரும்புன வேன் இடிச்சுது. அன்னைக்கும் பச்சையிலதான் போனேன்."

அலுவலகக் கோப்பில் அதை 'ஒருவர் காயம்' என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன் வஜ்தி. சொன்னால் எம்னா போய்விடுவாள். சொல்லாமல் எப்படி அவள் முகத்தைப் பார்ப்பது... அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும்.

"ஒரு போன் பண்ணா குறைஞ்சா போயிடுவே?" என்றாள் அம்மா.

"அவர் பண்ணட்டும்."

ஒரு வாரம் கழித்துத் தாயும் மகளும் முனைக்கு வந்தபோது, பச்சை மனிதன் எரிந்தும் வண்டிகளுக்குச் சிவப்பு மாறவில்லை. அம்மா பாதிச் சாலையைத் தாண்டிய பிறகுதான் அவை நகர்ந்தன. வளைவில் வந்த வேன், நடுவில் ஆளைக் கண்டு நின்றது. எதிர்ப்பக்கம், நனைந்தபடி வஜ்தி.

"நடக்கறவங்களுக்கு ஏழு செகண்ட் முன்னாடியே பச்சை விட்டாச்சு. இந்த சிக்னலுக்குப் பழைய நேரம் நான் குறிச்சது, எம்னா. என் தப்புன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். அம்மா... உங்ககிட்ட சொல்ல இத்தனை நாளாச்சு. மன்னிச்சிடுங்க."

எம்னாவின் முகம் இறுகியது.

"அம்மாவோட ஊன்றுகோலைப் பார்த்து ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்."

"உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதான் சொல்லப் பயந்தேன்."

அம்மா மகளின் கையை விட்டாள். "என் காலுக்கு நான் கோபப்பட்டுக்கறேன். நீ உன் பதிலைச் சொல்லு."

எம்னா தலைகுனிந்தாள். "நீங்க வருவீங்கன்னு தினமும் அரைமணி நேரம் இங்க நின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்..."